சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

லாரியின் இடது கண்ணாடி விளக்கைத் தன் கையாலேயே பழுது பார்ப்பது. பழுது பார்த்த பிறகு அது எரியாமல் பார்த்துக்கொள்வது. அன்று காலை திருகாணி எடுத்த தீர்மானம் இதுதான்.

கேட்பவர்களுக்குத் தலை சுற்றலாம். அவருக்குச் சுற்றவில்லை. அவருடைய திட்டங்கள் எல்லாமே ஆரம்பத்தில் இப்படித்தான். அவருக்கு மட்டும் பளிச்சென்று இருக்கும்.

திருகாணி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. தெரு வைத்தது. மனிதர் எதைக் கழற்றினாலும் திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணியாவது மிச்சம் பிடித்துவிடுவார். மின்விசிறியைப் பழுது பார்த்தார், அது காற்றை மேலே வீசிக் கூரையைக் குளிரவைத்தது. துணி துவைக்கும் மெஷினைப் பழுது பார்த்தார், அது துணியோடு கிளம்பி வாசல் வரை நடந்துவந்தது. ஒவ்வொரு முறையும் அவர் கையைக் கழுவிக்கொண்டு போன பிறகு அவர் சம்சாரம் வந்து உட்காருவாள். மிச்சமான திருகாணி எந்த ஓட்டைக்குச் சொந்தமோ அதில் போட்டு முடுக்குவாள். சாமான் ஓடும்.

"பார்த்தியா? நான் கை வச்சா அப்படித்தான்" என்பார்.

"ஆமாங்க, அப்படித்தான்" என்பாள்.

அவருக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது, அவர் ஓட்டினார். அவளுக்குச் சொந்தமாக ஒரு ஹெவி லைசென்ஸ் இருந்தது, அவள் ஓட்டவில்லை. அந்த வீட்டுப் பிரச்சினை மொத்தமும் இவ்வளவுதான்.

அவர் மதியத் தூக்கம் போட்ட நேரத்தில் அவள் டிரைவிங் ஸ்கூல் போய் வந்திருக்கிறாள். டெஸ்ட்டில் முதல் தடவையே தேறிவிட்டாள். அவர் எத்தனையாவது தடவையில் தேறினார் என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அவர் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"சாவி."

"எதுக்கு?"

"ஓட்டத்தான். காதுல மாட்டிக்கவா கேக்கறேன்?"

"வண்டி இருக்கிற லட்சணத்துல உன்கிட்ட எப்படிம்மா தர்றது? பிரேக்கு முனகுது. அது என்ன சொல்லுதுன்னு எனக்குப் புரியும். உனக்குப் புரியுமா?"

அவள் ஒர்க்‌ஷாப்புக்கு ஆளனுப்பிப் பிரேக்கின் முனகலை நிறுத்தினாள். உடனே கதவு சரியாகச் சாத்தவில்லை என்றார். கதவு சாத்தியது. சீட்டு தன் உடம்புக்கு அமுங்கிப் பழகிவிட்டது, இன்னொருத்தர் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்றார். அவள் ஒரு மெத்தை தைத்து வைத்தாள். சாக்குகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்தன. கடைசியில் மிஞ்சியது இடது கண்ணாடி விளக்கு. வண்டி திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் மின்னுகிற விளக்கு அது. வெகுகாலமாகச் செத்துக் கிடந்தது.

"அது மட்டும் எரியட்டும்" என்று நடுத்தெருவில் நின்று முழங்கினார் திருகாணி. "அது எரியற அன்னிக்கு சாவி உன் கையில. சத்தியம்!"

"நான் கேட்டேன்" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். அவரை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. கழுத்தில் நாடாவைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே மெஷின் போட்டிருப்பவர். தெருவில் நடப்பதையெல்லாம் அளவெடுத்து வைத்துக்கொள்வார்.

அவள் ஓட்டினால் இவருக்கு என்ன நஷ்டம்? வண்டியை எங்கேயாவது கொண்டுபோய் மோதிவிடுவாள் என்று பயமா? அதெல்லாம் இல்லை. மோதமாட்டாள் என்பதுதான் பயம்.

இந்த நிலையில்தான் ஊரிலேயே பெரிய மரச்சாமான் கிடங்கிலிருந்து ஆள் வந்தது. தினமும் லோடு. வருஷம் முழுக்க வேலை. ஒரே ஒரு நிபந்தனை: கிடங்கின் பின்முற்றம் இருட்டு, குறுகல். அதனால் இரண்டு கண்ணாடியிலும் விளக்கு எரியாத வண்டிக்குக் கேட் திறக்காது.

திருகாணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிஷம் கணக்கு இடித்தது. விளக்கு எரியாவிட்டால் கிடங்கு போச்சு. எரிந்தால் சாவி போச்சு.

அப்போது உதித்ததுதான் அந்தத் தீர்மானம். கிடங்குக்கு எரியும், வீட்டுக்கு எரியாது. நடுவில் ஒரு சுவிட்ச், சீட்டுக்கு அடியில், தன் கைக்கு மட்டும் எட்டுகிற மாதிரி. ஒளி என்றால் வெளிச்சம். ஒளி என்றால் மறைத்து வை. இரண்டையும் ஒரே வயரில் செய்து முடிக்கக் கிளம்பிய மனிதர், நமக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கேட்டார்: "சாதா பல்பு போதுமா, இல்லை புதுசா வந்திருக்கறதையே மாட்டிடலாமா?"

"புதுசு என்ன பண்ணும்?"

"எல்இடி. அம்புக்குறி அப்படியே ஓடும். பின்னால எடுத்தா தரையில வெள்ளை வெளிச்சம் விழும். உங்க நிழலையே நீங்க பார்க்கலாம்."

"ரெண்டு பக்கத்துக்கும் கொடுங்க. கூட ஒரு சின்ன சுவிட்ச்."

"சுவிட்ச் ஜோடியாத்தான் வரும். ஒண்ணைப் பிரிச்சுத் தர மாட்டேன். ஆமா, கண்ணாடி விளக்குக்கு எதுக்குண்ணே சுவிட்ச்?"

"அது குடும்ப விஷயம்."

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார்.

விடுமுறை நாள். வாசலில் லாரி. கண்ணாடிக் கூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திருகாணி உட்கார்ந்தார். சம்சாரம் காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மடக்குற இடத்துல பாருங்க. சந்துல போகும்போதெல்லாம் கண்ணாடியை மடக்கி மடக்கி உள்ளே வயர் அறுந்திருக்கும்."

"உனக்கு என்ன தெரியும்? இது மின்சாரம். பல்பு, ஹோல்டர், ஃப்யூஸ்னு இதுக்கு ஒரு வரிசை இருக்கு. வரிசையாத்தான் போகணும்."

"போங்க. திரும்பி வர்றப்போ மடக்குற இடத்துல பாருங்க."

அவர் வரிசையாகப் போனார். பல்பைப் பார்த்தார், நல்ல பல்பு. ஹோல்டரைச் சுரண்டினார், நல்ல ஹோல்டர். ஃப்யூஸைப் பிடுங்கினார், அதுவும் சுத்தம். நல்ல வெயில் ஏறிவிட்டது. கடைசியில் மடக்குகிற இடத்தைப் பிரித்தால் வயர் ரெண்டாக அறுந்து, ஒன்றை ஒன்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போய்விட்டாள் என்று உறுதி செய்துகொண்டு, "நானும் இங்கேதான் இருக்கும்னு நினைச்சேன்" என்று டயரிடம் சொன்னார்.

வயரை ஒட்டி, டேப் சுற்றி, புது விளக்குகளை மாட்டி, இண்டிகேட்டரைத் தட்டினார். விளக்கு எரிந்தது. எரிந்ததா அது! பைத்தியம் பிடித்த மாதிரி டிக்டிக்டிக்டிக் என்று துடித்தது.

"என்னங்க, வண்டிக்குப் படபடப்பா?" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி.

"புது விளக்கு கரண்டு கம்மியா சாப்பிடுது. அதனால விளக்கை மின்னவைக்கிற பழைய ஃபிளாஷர், பல்பு போயிடுச்சுன்னு நினைச்சு அலறுது" என்று விளக்கம் சொன்னார் திருகாணி. சொன்னது சரிதான். கடைக்காரரிடம் போன் போட்டுக் கேட்டு இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

ஃபிளாஷரையும் மாற்றினார். பிறகு சீட்டைத் தூக்கி, இடது விளக்குக்குப் போகிற வயரை நடுவில் வெட்டி, சுவிட்சைச் சொருகினார். மிச்சமான இன்னொரு சுவிட்சை டூல்ஸ் பெட்டியில் எறிந்தார். போட்டுப் பார்த்தார். இடது கண்ணாடியில் மஞ்சள் அம்புக்குறி ஒன்று ஓடியது. ரிவர்ஸ் போட்டதும் தரையில் வெள்ளை வெளிச்சம் பாய் விரித்தது. பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்துவைத்த மாதிரி திருகாணி பூரித்து நின்றார். எதிர்ப்பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றுபோனதை அவர் கவனிக்கவில்லை.

பிறகு சுவிட்சை அணைத்தார். முகத்தை அதற்கேற்ற மாதிரி தொங்கப்போட்டுக்கொண்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சம்சாரத்தைக் கூப்பிட்டார்.

"இந்தா, வலது பக்கம் பாரு."

அம்புக்குறி ஓடியது. "அட!" என்றாள்.

"இப்போ இடது பாரு."

இருட்டு.

"என்ன மாயமோ தெரியலைம்மா. செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. இந்த இடது பக்கம் மட்டும் ஒரே பிடிவாதம்."

"பிடிவாதம் வலது பக்கமில்ல உட்கார்ந்திருக்கு" என்றாள் அவள்.

டிரைவர் சீட் வலது பக்கம் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

"போகட்டும் விடுங்க. காலையிலேருந்து வெயில்ல வெந்துட்டீங்க. சாப்பிட்டுப் படுங்க."

கல்யாணமான நாளாக அவள் இவ்வளவு சுலபமாக எதையும் விட்டதில்லை. அப்போதே அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ஆனால் சாப்பாடு ஆகியிருந்தது. ஜெயித்த களைப்பும் இருந்தது. குறட்டை தெருமுனை வரை கேட்டது.

எழுந்து வந்தபோது அவள் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன செஞ்சுட்டிருந்தே?"

"லாரி சீட்டுக் கவர் ஒரே அழுக்கு. கழட்டித் துவைச்சு மாட்டினேன்."

திருகாணிக்குப் பகீரென்றது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். சுவிட்ச் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அப்பாடா! போட்டுப் பார்க்கலாம் என்றால் அவள் வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"என்னங்க தேடறீங்க?"

"துவைச்சது சுத்தமா இருக்கான்னு பார்த்தேன்."

"அடியிலயா?"

"அடியிலதானே அழுக்கு சேரும்."

"அது வாஸ்தவம்" என்றாள் அவள்.

மறுநாள் காலை அவர் கிளம்பும்போது அவள் கைப்பையோடு இடது சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கே?"

"முதல் நாள் இல்லையா? துணைக்கு வர்றேன்."

"அது முரட்டு ஆம்பளைங்க வேலை பார்க்கிற இடம்மா."

"சூப்பர்வைசரே பொம்பளையாம். தையல்காரர் சொன்னார். வண்டியை எடுங்க."

இறக்கிவிட வழியில்லை. போகிற வழியெல்லாம் திருகாணி யோசித்தார். சூப்பர்வைசர் வெளியே நிற்பாள், அவள் கண்ணுக்கு விளக்கு எரிய வேண்டும். சம்சாரம் உள்ளே இருப்பாள், அவள் கண்ணுக்கு எரியக் கூடாது. கண்ணாடியோ சம்சாரத்தின் மூக்குக்கு நேரே.

கிடங்கு கேட்டில் சூப்பர்வைசர் அம்மாள் கழுத்தில் விசிலோடு நின்றிருந்தாள். சிரித்துப் பழக்கமில்லாத முகம்.

"வலது."

எரிந்தது.

"இடது."

"ஒரு நிமிஷம் மேடம்" என்றுவிட்டுச் சம்சாரத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, தொண்டை வறளுது. அந்தக் குழாயில கொஞ்சம் தண்ணி பிடிச்சுட்டு வாயேன்."

"பாட்டில் நிறைய இருக்கே."

"அது சூடாயிடுச்சு."

"ஜில்லுனு குடிச்சா உங்களுக்கு இருமல் வருமே."

"வரட்டும்!"

அவள் நிதானமாகப் படியில் கால் வைத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாள். திருகாணி படாரென்று குனிந்து சுவிட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். எரியவில்லை. டொக், டொக், டொக் என்று சுவிட்ச் பேசியதே தவிர விளக்கு வாய் திறக்கவில்லை.

வெளியே நின்ற சூப்பர்வைசருக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"டிரைவர், என்ன பண்றீங்க?"

"இல்ல மேடம், கால்ல ஏதோ..."

"விளக்கு மேலே இருக்கு. நீங்க கீழே தேடறீங்க."

பின்னால் வரிசை கட்டி நின்ற லாரிகள் ஹாரனை அமுக்கின. சூப்பர்வைசர் விசிலை வாயில் வைத்துவிட்டு எடுத்தாள். "எரியாத வண்டி உள்ளே வராது. ஓரமா எடுங்க. நான் வேற வண்டிக்குச் சொல்லிக்கறேன்."

வருஷம் முழுக்கக் கிடைக்கிற வேலை கண்ணெதிரே ஓரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. அப்போது சம்சாரம் பாட்டிலோடு வந்து சேர்ந்தாள்.

"என்னங்க, எரியலையா? நேத்தே சொன்னீங்களே, இடது பக்கம் பிடிவாதம் பண்ணுதுன்னு."

"நேத்தே தெரியுமா?" சூப்பர்வைசரின் புருவம் ஏறியது. "தெரிஞ்சேவா கொண்டு வந்தீங்க?"

ஆமாம் என்றால் சூப்பர்வைசரிடம் திருடன். இல்லை என்றால் சம்சாரத்திடம் திருடன். திருகாணி இரண்டு பெண்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தெரியும் மேடம். அதாவது தெரியாது. நேத்து தெரியாம இருந்தது தெரியும்."

"மேடம்" என்றாள் சம்சாரம் பணிவாக. "நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?"

"உங்களுக்கு வண்டி வேலை தெரியுமா?"

"இவர் ரிப்பேர் பண்றதைப் பக்கத்துலேருந்து பார்த்திருக்கேன். அதைப் பார்த்தா யாரா இருந்தாலும் கத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

அவர் இறங்கினார். அவள் ஏறினாள். கையில் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்தபடி அவர் அண்ணாந்து பார்த்தார். அவளுடைய இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. இடது கண்ணாடியில் மஞ்சள் அம்புக்குறி ஜம்மென்று ஓடியது. ரிவர்ஸ் போட்டாள். தரையில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. அதில் திருகாணி தன் நிழலையே பார்த்தார். வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"இவங்க உட்கார்ந்தா எரியுது!" என்றாள் சூப்பர்வைசர். "ஏம்மா, லைசென்ஸ் இருக்கா?"

கைப்பை திறந்தது. லைசென்ஸ் மேலாகவே இருந்தது.

"ஹெவியா? அப்போ நீங்களே பின்னால எடுங்க. ரெண்டு தூணுக்கு நடுவுல போகணும். பார்த்து."

அவள் ஒரே இழுப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு தூணுக்கும் சம தூரம். அந்த மாதிரி இடத்தில் திருகாணி முன்னும் பின்னும் போய்ப்போய்த் தறி நெய்வது வழக்கம். சூப்பர்வைசருக்கு விசிலை ஊதவே வேலை வரவில்லை. சிரித்துப் பழக்கமில்லாத முகத்தில் ஒரு பல் தெரிந்தது.

"இனி இந்த வண்டிக்கு டிரைவர் நீங்கதான். கேட்ல உங்க பேரைச் சொல்லி வைக்கிறேன். இவர் யாரு?"

"என் வீட்டுக்காரர். கூட வருவார். ஏத்தி இறக்க ஆள் வேணுமில்ல?"

வீட்டுக்குத் திரும்பியதும் திருகாணி சுற்றி வளைத்துப் பேச்சைத் தொடங்கினார்.

"அது எப்படி உன் கைக்கு மட்டும் எரிஞ்சுது?"

"நீங்க ரிப்பேர் பண்ணினதுதானேங்க? நீங்க கை வச்சா எரியாம போகுமா?"

அவருடைய வசனத்தையே எடுத்து அவர் வாயை அடைத்துவிட்டாள். மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்து, சாவியை எடுத்துக்கொண்டு, தனியாகக் கிளம்பிக் கிடங்குக்குப் போனார். இடது விளக்கு எரியவில்லை. "டிரைவர் வரலையா?" என்று கேட்டுவிட்டுச் சூப்பர்வைசர் கேட்டைச் சாத்தச் சொன்னாள். யாரிடம் கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்தி வண்டியைச் சல்லடை போட்டுச் சலித்தார். மிதியடியைத் தூக்கினார். வெயில் மறைப்பைப் பிரித்தார். தன்னுடைய சுவிட்சைப் பிடித்து இழுத்தார். அது வயர் எதுவும் இல்லாமல் கையோடு வந்தது. வெறும் பொம்மை. டூல்ஸ் பெட்டியைத் திறந்தார். மிச்சமாகப் போட்ட இன்னொரு சுவிட்சைக் காணவில்லை. அது வண்டிக்குள் எங்கேயோ உயிரோடு இருந்தது, அவள் கைக்கு மட்டும் எட்டுகிற ஏதோ ஒரு இடத்தில்.

நேரே தையல்காரரிடம் போனார்.

"உண்மையைச் சொல்லுங்க. நான் தூங்கினப்போ என்ன நடந்துச்சு?"

"எனக்கு என்ன தெரியும்? புது விளக்கு அம்புக்குறியெல்லாம் ஓடுது, உங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர்னு அவங்ககிட்ட பாராட்டிச் சொன்னேன். தப்பா?"

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லே. நான் டார்ச்தான் பிடிச்சேன்."

"அப்போ எங்கே வச்சாங்கன்னு பார்த்திருப்பீங்களே!"

"டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கச் சொன்னாங்க. மூடிக்கிட்டேன்."

"இப்படித் துரோகம் பண்ணிட்டீங்களே!"

"நான் சாட்சி. நடுத்தெருவுல சத்தியம் பண்ணினது நீங்க" என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் மெஷினை மிதித்தார்.

வேறு வழியில்லை. திருகாணி சமையலறை வாசலில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அந்த சுவிட்ச் எங்கே இருக்கு?"

"எந்த சுவிட்ச்?"

"அதான்... சீட்டுக்கு அடியில..."

"சீட்டுக்கு அடியிலயா? அங்கே எதுக்குங்க சுவிட்ச்? யார் வச்சது?"

அவள் முகத்தில் அப்பட்டமான வியப்பு. திருகாணி கணக்குப் போட்டுப் பார்த்தார். நான்தான் வைத்தேன் என்றால் எதுக்கு என்பாள். எதுக்கு என்று சொன்னால் அது ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்குப் போகும். எதிர்வீட்டுக்குப் போனது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தைத்துக் கொடுக்கப்பட்டுவிடும்.

"ஒண்ணுமில்லே" என்றார்.

"ஒண்ணுமில்லேன்னா வந்து ஏறுங்க. லோடு காத்துக்கிட்டிருக்கு."

அவர் வண்டியைச் சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினார். அந்தக் கதவை உள்ளேயிருந்து எப்படிச் சாத்துவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அவள் எட்டிச் சாத்திவிட்டாள். எஞ்சின் உறுமியது. எதிரே தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தெருவுக்கு முன்னால் கொஞ்சமாவது மானம் காப்பாற்ற வேண்டாமா? திருகாணி ஜன்னலுக்கு வெளியே உடம்பை இடுப்பு வரை நீட்டி, பின்பக்கம் திரும்பி, கையை வீசி வீசிக் கத்தினார்:

"வரட்டும், வரட்டும்! நிறைய இடம் இருக்கு! இடது பக்கத்தை நான் பார்த்துக்கறேன். நீ என்னைப் பார்த்து எடு!"

"உங்களைத்தாங்க பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள். "தலையை உள்ளே இழுங்க, கண்ணாடியை மறைக்குது."